ஏடும் வாளும்

சென்ற ரமளானுக்குச் சில நாள் முன்னர் நமக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் சிறு பிராயத்தில் நம்மிடம் ஓதியவர். இன்று அமெரிக்காவில் பொறியாளராகப் பணியாற்றுகிறார். மகனுக்கு அங்கே ஒரு பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணமோ கேட்போரை மலைக்கச் செய்யும் தொகை. அந்நாட்டு இராணுவம் அத்தொகையை ஏற்றுக்கொள்ள முன்வருகிறது. மாணவன் பட்டப் படிப்புடன் படைப் பயிற்சியும் பெற வேண்டும். பட்டம் பெறும் நாளில் படை அதிகாரியாகவும் பதவி ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. "ஹஜ்ரத், பையன் ஆசைப்படுகிறான். அவன் உம்மா அழுகிறாள். நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார்.

நாம் முஃப்தி அல்லோம். ஆகுமானது, ஆகாதது என்று தீர்ப்பு வழங்கும் தகுதி நமக்கில்லை. ஆயினும் ஒரு காரியத்தைப் பற்றித் தீர்ப்புக் கேட்கும் முன் அக்காரியம் இன்னதென்று அறிந்துகொள்வது கேட்பவரின் கடமை என்று நம் ஆசிரியர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி மாணவனைப் படை அதிகாரியாக்கும் இந்த ஏற்பாடு எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, அதனுள் புகுந்தோர் எவற்றைப் பெற்றனர், எவற்றை இழந்தனர் என்று தேடிப் பார்த்தோம். கண்டவற்றை அக்கடிதக்காரருக்கு மட்டும் எழுதாமல் இம்மாத இதழின் வாயிலாக எல்லாக் குடும்பங்களின் முன்னும் வைக்கிறோம். அயல்நாடுகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் வீடுகள் இன்று நம் ஊர்களில் ஏராளம் அல்லவா?

நம் முன்னோர் கண்ட வழி

ஏடும் வாளும் ஒரே கரத்தில் இருக்கலாகுமா என்னும் வினா நமக்குப் புதியதன்று. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பித்தால் அதனையே மீட்புப் பணமாகக் கொண்டு விடுதலை பெறலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தியை நாம் அறிவோம். போர்க்களத்துக்குச் செல்லும் கூட்டத்தையும், கல்விக்கெனத் தங்கும் கூட்டத்தையும் தவ்பா அத்தியாயத்தின் ஒரே வசனம் சேர்த்துப் பேசுகிறது.

அரபியில் 'ரிபாத்' என்றொரு சொல் உண்டு. 'ரபத' என்றால் கட்டினான் என்று பொருள். எல்லையில் குதிரைகளைக் கட்டி ஆயத்தமாக வைத்துக் காவல் இருப்பது ரிபாத் எனப்பட்டது. பின்னர் அவ்வாறு காவல் இருப்போர் தங்கும் கோட்டைக்கும் அதுவே பெயராயிற்று. ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய துனீசியாவிலுள்ள மொனாஸ்தீரில் கி.பி. 796இல் எழுப்பப்பட்ட ரிபாத் இன்றும் நிற்கிறது. அங்கே தங்கியோர் கடலைக் காவல் காத்தனர், தொழுதனர், ஓதினர்.

அதே மண்ணில் வாழ்ந்தவர் அஸதுப்னுல் ஃபுராத். மதீனத்தில் இமாம் மாலிக் அவர்களிடமும், இராக்கில் இமாம் முஹம்மதுப்னுல் ஹஸன் அவர்களிடமும் பாடம் கேட்டவர். கைரவான் நகரின் காஜி. கி.பி. 827இல் சிசிலித் தீவை நோக்கிச் சென்ற படைக்கு அவரே தளபதியானார். காஜிப் பதவியை விடாமலே படையையும் நடத்தினார். மறு ஆண்டு ஸிராக்கூஸ் நகர முற்றுகையின்போது காலமானார். சட்ட நூலில் ஆயுளைக் கழித்த ஒருவர் கையில் வாள் கொடுக்கப்பட்டது ஏன்? வாள் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சட்டம் அறிந்தவனே அறிவான் என்னும் நம்பிக்கையே காரணமாக இருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

இதனைச் சொல்வது அமெரிக்கக் கல்லூரிப் படையும் ரிபாத்தும் ஒன்றே என்று நாட்டுவதற்காக அன்று. இரண்டுக்கும் இடையே கடலளவு வேறுபாடு உண்டு. ஆனால் 'கற்றவனே படையை நடத்த வேண்டும்' என்னும் எண்ணம் உலகில் பல காலங்களிலும் பல தேசங்களிலும் தோன்றியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மேலே சொல்லப் போவதைப் புரிந்துகொள்வது எளிது.

பார்ட்ரிட்ஜின் கனவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த எண்ணத்துக்கு முதன்முதலில் உருவம் கொடுத்தவர் ஆல்டன் பார்ட்ரிட்ஜ் என்பவர். வெர்மாண்ட் மாநிலத்தின் நார்விச் என்னும் ஊரில் 1785இல் பிறந்தார். 1802இல் தோன்றிய வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கழகத்தில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, அதன் தலைவராகவும் உயர்ந்தார். மேலிடத்தாருடன் பிணக்கு நேர்ந்தது. 1817இல் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். அதன் பின் பதவியை விட்டு ஊர் திரும்பியவர், 1819இல் தம் சொந்த ஊரிலேயே ஒரு கல்விச் சாலையைத் தொடங்கினார். அமெரிக்க இலக்கிய, அறிவியல், இராணுவக் கழகம் என்பது அதன் பெயர். பெயரிலேயே இலக்கியம் முதலிடத்திலும் இராணுவம் கடைசியிடத்திலும் நிற்பதைக் கவனிக்க வேண்டும். 1834இல் அது நார்விச் பல்கலைக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது.

பார்ட்ரிட்ஜ் கொண்ட கவலை இது: படைத்தொழில் ஒன்றையே வாழ்வாகக் கொண்ட ஒரு தனிக் கூட்டம் நாட்டில் உருவானால் அக்கூட்டம் மக்களிடமிருந்து பிரிந்து போகும், ஒரு நாள் மக்களையே ஆளவும் நினைக்கும். ஆகவே உழவனும், வணிகனும், வழக்கறிஞனும் ஆகப் போகிற இளைஞர்களே படைக்கலையையும் கற்றிருக்க வேண்டும். தேவை நேரும்போது படை நடத்திவிட்டுத் தத்தம் தொழிலுக்குத் திரும்ப வேண்டும். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் கால்நடையாகச் செல்வது அவருடைய பாட முறைகளுள் ஒன்று. மொழி, கணிதம், பொறியியல் ஆகியவற்றுக்கு இடையே அணிநடையும் ஒரு பாடமாக இருந்தது. அவர் காட்டிய வழியில் 1839இல் வர்ஜீனியா இராணுவக் கழகமும், 1842இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சிட்டடல் கல்லூரியும் தோன்றின. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் தலைவராக இருந்து, பின்னர் ஐரோப்பாவின் மறுவாழ்வுக்கு வழிவகுத்து, 1953இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் மார்ஷல் வர்ஜீனியக் கழகத்தில் 1901இல் பயின்று வெளியேறியவர்.

ஒரு சட்டமும் ஒரு சொல்லும்

பார்ட்ரிட்ஜ் 1854இல் மறைந்தார். அவருடைய எண்ணத்தை நாடு முழுவதற்கும் பரப்பியவர் அதே வெர்மாண்ட் மாநிலத்தின் பிரதிநிதியான ஜஸ்டின் மோரில். பொதுமக்களின் பிள்ளைகள் உழவும் கைத்தொழிலும் கற்கக் கல்லூரிகள் வேண்டும், அவற்றுக்கு அரசு நிலம் வழங்க வேண்டும் என்று அவர் கொணர்ந்த மசோதாவை 1859இல் அதிபர் புக்கானன் மறுத்துவிட்டார். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. வெஸ்ட் பாயிண்டில் பயின்ற தென்னாட்டு அதிகாரிகள் பலர் தம் மாநிலங்களின் பக்கம் சென்றனர். வடக்கே அதிகாரிகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. இந்நிலையில் மோரில் தம் மசோதாவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: அக்கல்லூரிகள் படைக்கலையையும் கற்பிக்க வேண்டும். 1862 ஜூலை 2ஆம் நாள் அதிபர் லிங்கன் அதில் கையொப்பமிட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினர் கணக்கில் 30,000 ஏக்கர் நிலம் கிடைத்தது. இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பல இந்நிலத்தின் வருவாயில் முளைத்தவை.

சட்டத்தின் சொற்களை எடை போட்டுப் பழகிய நமக்கு இங்கே ஒரு நுட்பம் புலப்படுகிறது. 'கல்லூரி கற்பிக்க வேண்டும்' என்றுதான் அச்சட்டம் சொன்னது. 'மாணவர் ஒவ்வொருவரும் கற்றே தீர வேண்டும்' என்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரிகள் பல அதனை இரண்டாவது பொருளிலேயே எடுத்துக்கொண்டன. முதல் இரண்டு ஆண்டுகளிலும் ஆண் மாணவர் அனைவரும் சீருடை அணிந்து அணிநடை பயில வேண்டும் என்பது விதியாயிற்று. கல்லூரி மீது சுமத்தப்பட்ட கடமை மாணவனின் தோளுக்கு மாற்றப்பட்டது. பார்ட்ரிட்ஜின் கனவில் விருப்பமாக இருந்தது நிர்ப்பந்தமாக மாறியது இவ்வாறே.

1916ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அதிபர் வில்சன் ஒப்பமிட்ட தேசப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சிதறிய முயற்சிகளை ஒன்றாகக் கட்டியது. ரிசர்வ் அதிகாரிகள் பயிற்சிப் படை என்னும் அமைப்பு அன்று பிறந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஆர்.ஓ.டி.சி. என்பர். 1926இல் கடற்படைக்கும், 1946இல் விமானப் படைக்கும் இதே போன்ற பிரிவுகள் ஏற்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரக் கணக்கான அதிகாரிகள் இக்கல்லூரி வகுப்புகளிலிருந்தே களம் சென்றனர். இன்றும் அமெரிக்கத் தரைப்படையில் ஆண்டுதோறும் சேரும் புதிய அதிகாரிகளுள் பெரும்பாலோர் வெஸ்ட் பாயிண்டிலிருந்து வருவோர் அல்லர், இவ்வழியில் வருவோரே.

பயிற்சியின் அமைப்பு எளிதானது. கல்லூரிக் காலம் நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு அடிப்படைப் பாடம். பின் இரண்டு ஆண்டு மேற்பாடம். வாரத்தில் சில நாள் விடியற்காலையில் உடற்பயிற்சி. வாரந்தோறும் இராணுவ அறிவியல் வகுப்பு. நிலப்படம் பார்த்து வழி காணல், சிறு குழுவை நடத்துதல் முதலிய களப் பயிற்சி. மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸ் பாசறையில் ஒரு மாதத்துக்கும் மேலான முகாம். மற்ற நேரமெல்லாம் அம்மாணவன் ஏனைய மாணவர்களுடன் அதே விடுதியில் உறங்கி, அதே வகுப்பில் வரலாறோ வேதியியலோ படிக்கிறான். பட்டமளிப்பு நாளில் செகண்ட் லெப்டினன்ட் ஆகிறான்.

மனச்சாட்சி நீதிமன்றத்தில் நின்றபோது

நிர்ப்பந்தம் நிலவும் இடத்தில் மனச்சாட்சி ஒரு நாள் எழுந்து நிற்கவே செய்யும். விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் 1923இலேயே கட்டாயம் நீங்கியது. ஆனால் கலிபோர்னியாவில் நீடித்தது. அங்கே 1933இல் சேர்ந்த மாணவர் சிலர் படைப் பயிற்சி வகுப்புக்குச் செல்ல மறுத்தனர். அவர்கள் மெத்தடிஸ்ட் கிறித்தவ சபையைச் சார்ந்தவர்கள். ஆல்பர்ட் ஹாமில்டன் உள்ளிட்ட அவர்கள், போர் தம் மார்க்கத்துக்கு விரோதமானது என்று நம்பினர். பல்கலைக் கழகம் அவர்களை நீக்கியது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1934 டிசம்பர் 3ஆம் நாள் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து மாணவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பல்கலைக் கழகத்தில் சேரும்படி அரசு எவரையும் வற்புறுத்தவில்லை. தாமே விரும்பிச் சேர்வோர் அதன் விதிக்கு உட்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தர்க்கம் என்னவோ சரிதான். ஆனால் ஏழை மாணவனுக்கு அரசுப் பல்கலைக் கழகத்தை விட்டால் வேறு வாசல் ஏது? திறந்த வாசலில் நிபந்தனை விதித்துவிட்டு, உள்ளே வருமாறு உன்னை யார் அழைத்தது என்று கேட்பது போலிருக்கிறது இது.

அத்தீர்ப்புக்குப் பின் கால் நூற்றாண்டு கழிந்தது. 1959 அக்டோபரில் பெர்க்லி நகரில், அதே கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் அலுவலகப் படிக்கட்டில் முதலாண்டு மாணவர் ஒருவர் உண்ணாநோன்பு இருந்தார். பெயர் ஃபிரெட் மூர். கட்டாயப் பயிற்சியிலிருந்து விலக்களிக்கக் கோரினார். அவருடைய தந்தையோ விமானப் படையில் கர்னல். படை அதிகாரியின் மகன் படிக்கட்டில் பசியுடன் அமர்ந்திருந்த காட்சி பலருடைய உள்ளத்தை அசைத்தது. 1962இல் அப்பல்கலைக் கழகம் கட்டாயத்தைக் கைவிட்டது. நீதிமன்றத்தில் தோற்ற வாதம் காலத்தின் முன் வென்றது.

நம் நாட்டிலும் இதனை ஒத்த அனுபவம் உண்டு. 1948இல் தோன்றிய தேசிய மாணவர் படை, சீனப் போருக்குப் பின் 1963இல் கட்டாயமாக்கப்பட்டு, 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயத்தால் எண்ணிக்கையைப் பெருக்கலாம். உள்ளத்தைப் பெற இயலாது என்பதை இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கற்றன.

கட்டாயம் போய்க் காசு வந்தது

கட்டாயம் நீங்கிய இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இப்பயிற்சியில் சேரும் மாணவர்களுக்குக் கல்வி உதவித் தொகையை வழங்கியது. கடிதம் எழுதிய நண்பரின் மகனுக்கு இன்று நீட்டப்படும் கரம் அன்று நீண்டதுதான்.

அச்சமயம் வியட்நாம் போர் உக்கிரமடைந்தது. போரை வெறுத்த மாணவர்களின் கோபம் கல்லூரிக்குள்ளேயே இருந்த இராணுவக் கட்டடத்தின் மீது பாய்ந்தது. ஹார்வர்டு போன்ற புகழ் வாய்ந்த கல்விச் சாலைகள் இப்பயிற்சியை வெளியேற்றின. ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக் கழகத்தில் 1970 மே 2ஆம் நாள் இரவு பயிற்சிப் படையின் கட்டடம் தீக்கிரையாயிற்று. மே 4ஆம் நாள் தேசியக் காவற்படையினர் மாணவர் கூட்டத்தின் மீது 13 வினாடி சுட்டனர். நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். மாண்ட நால்வருள் ஒருவர் அதே பயிற்சிப் படையில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த மாணவர். இதனைப் படித்தபோது நாம் சற்று நேரம் ஏட்டை மூடி வைத்துவிட்டோம். படைக்கு எதிராகக் கல்லூரி, கல்லூரிக்கு எதிராகப் படை என்று இருபுறமும் கோடு கிழித்துக்கொண்டபோது, இரண்டுக்கும் உரியவனாக இருந்த ஓர் இளைஞன் அக்கோட்டின் மீதே விழுந்தான்.

1973இல் கட்டாயப் படைச் சேர்ப்பையே அந்நாடு நிறுத்தியது. பயிற்சிப் படையும் மெல்ல மெல்ல உயிர் பெற்றது; பெண்களுக்கும் கதவு திறந்தது. ஹார்வர்டு தன் வாசலை மீண்டும் திறக்க 2011 வரை ஆயிற்று.

இவ்வழியே சென்று உயர்ந்தோரின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். ஜமைக்காவிலிருந்து குடியேறிய எளிய பெற்றோருக்கு 1937இல் நியூயார்க்கில் பிறந்தவர் காலின் பவல். கட்டணமில்லாத நகரக் கல்லூரியில் நிலவியலைப் பாடமாகக் கொண்டு படித்தார். படிப்பில் மனம் ஒட்டாத அவருக்கு அணிநடை மைதானமே வழி காட்டிற்று. 1958இல் அதிகாரியானார், 1989இல் அமெரிக்கப் படைகள் அனைத்தின் கூட்டுத் தலைவரானார். கறுப்பினத்தவர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதல் முறை. 2001இல் வெளியுறவு அமைச்சரும் ஆனார். ஆயினும் 2003 பிப்ரவரி 5ஆம் நாள் ஐ.நா. மன்றத்தில், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உண்டென்று அவரே வாதாடினார். அது மெய்யன்று என்பது பின்னர் வெளியாயிற்று. அவ்வுரை தம் வாழ்வில் படிந்த கறை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பதவி மனிதனை உயர்த்துகிறது. உயர்ந்த இடத்தில் நிற்பவனுக்கு நேரும் சறுக்கலும் பெரிதாகவே இருக்கிறது.

தலைப்பாகையும் முக்காடும்

மார்க்கப் பற்றுள்ள பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, அங்கே போனால் பிள்ளை தன் அடையாளத்தோடு இருக்க முடியுமா என்பதே. இதற்கும் வரலாறு விடை தருகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக் கழகத்தில் படித்த சீக்கிய மாணவர் ஒருவர் இப்பயிற்சியில் சேர விழைந்தார். தாடியை மழிக்க வேண்டும், தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்றது இராணுவம். அவர் வழக்குத் தொடுத்தார். தோல் நோய் முதலிய மருத்துவக் காரணங்களுக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாடி வைத்துக்கொள்ள இதே இராணுவம் அனுமதித்திருந்தது என்பது வழக்கில் வெளிப்பட்டது. தோலுக்குக் காட்டிய தாட்சண்யத்தை நம்பிக்கைக்குக் காட்ட முடியாதா? 2015 ஜூனில் தீர்ப்பு மாணவருக்குச் சாதகமாக வந்தது. 1934இல் மெத்தடிஸ்ட் மாணவர்கள் நீதிமன்றத்தில் தோற்றதற்கு 81 ஆண்டுகளுக்குப் பின், அங்கிருந்து வெளியேற அல்ல, உள்ளே நுழையவே ஒரு மாணவர் தம் மனச்சாட்சியைச் சாட்சியாக்கி வென்றார்.

மறு ஆண்டு ஒரு முஸ்லிம் மாணவி சிட்டடல் கல்லூரியில் சேர இடம் பெற்றார். சீருடையுடன் முக்காடு அணிய அனுமதி கேட்டார். 2016 மே மாதம் அக்கல்லூரி மறுத்துவிட்டது. அதே மாணவியை முக்காட்டுடன் ஏற்றுக்கொண்ட கல்விச் சாலை எது தெரியுமா? பார்ட்ரிட்ஜ் 1819இல் தொடங்கிய நார்விச். 2017 ஜனவரியில் தரைப்படை தலைப்பாகை, தாடி, முக்காடு ஆகியவற்றுக்குப் பொது அனுமதியின் வழியைத் திறந்தது. எனினும் 2025இல் தாடி பற்றிய விதிகளை மீண்டும் இறுக்கும் ஆணை பிறந்திருக்கிறது. அகலமாகத் திறந்த வாசல் குறுகவும் கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

எந்தப் போர், யாருடன்?

உடையைக் காட்டிலும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. நண்பர் அதனைக் கடிதத்தில் எழுதவில்லை. தாயின் கண்ணீரில் அது இருந்தது.

ஹுமாயூன் கான் என்னும் இளைஞர் பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்தில் இப்பயிற்சியைப் பெற்று, 2000ஆம் ஆண்டு பட்டத்துடன் அதிகாரியானார். 2004 ஜூன் 8ஆம் நாள், இராக்கின் பகூபா அருகே அவருடைய பாசறை வாயிலை நோக்கி ஐயத்துக்குரிய வாடகை வண்டி ஒன்று வந்தது. தம் சிப்பாய்களை விலகி நிற்கும்படி பணித்துவிட்டுத் தாமே அதனை நோக்கிச் சென்றார். வண்டி வெடித்தது, அவர் மாண்டார். வயது 27. ஆர்லிங்டன் இராணுவ அடக்கத்தலத்தில் பிறை பொறித்த கல்லின் கீழ் அவர் உறங்குகிறார். தம் கீழுள்ளோரைக் காக்க முன் சென்ற அந்த உள்ளத்தை எவர் குறை கூற முடியும்? ஆயின் அவரை அங்கே அனுப்பிய போரோ, பவல் கறை என்று குறிப்பிட்ட அதே உரையால் நியாயம் கற்பிக்கப்பட்ட போர். கான் அந்தப் போரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான்கு ஆண்டுக்கு முன்னரே சீருடையைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

இச்சிக்கல் அறிஞர்களின் முன்னும் வந்தது. அமெரிக்கத் தரைப்படையின் முதல் முஸ்லிம் மார்க்க அதிகாரியாக 1993இல் நியமிக்கப்பட்ட அப்துர் ரஷீத் முஹம்மத், 2001 செப்டம்பர் நிகழ்ச்சிகளுக்குப் பின் ஒரு கேள்வி எழுப்பினார். முஸ்லிம் நாட்டின் மீது நடக்கும் படையெடுப்பில் முஸ்லிம் சிப்பாய் பங்கு கொள்ளலாமா என்பதே அது. ஷெய்க் யூசுஃப் அல்-கர்ளாவி உள்ளிட்ட அறிஞர்கள் சில வரையறைகளுடன் அனுமதித்து விடையளித்தனர். அதனை எதிர்த்து அறிஞர் உலகில் கடும் விவாதம் மூண்டது. பெரியோர்களே ஒரு முடிவில் நிலைக்க இயலாத இடத்தில் பதினெட்டு வயதுப் பையன் என்ன முடிவு காண்பான்?

அந்நாட்டுச் சட்டமோ இவ்விஷயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. எல்லாப் போரையும் மறுப்பவனின் மனச்சாட்சியை அது மதிக்கும். 'இந்த ஒரு போர் அநீதியானது, இதற்கு மட்டும் வரமாட்டேன்' என்பவனின் மனச்சாட்சியை அது ஏற்காது. 1971இல் கில்லெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. நம் மார்க்கம் எல்லாப் போரையும் மறுப்பதுமன்று, எல்லாப் போரையும் ஏற்பதுமன்று. நீதியான போரையும் அநீதியான போரையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே ஒரு முஸ்லிமின் மனச்சாட்சி எவ்விடத்தில் நிற்கிறதோ, சரியாக அவ்விடத்தில்தான் அச்சட்டத்தில் இடம் இல்லை.

நாம் எழுதிய விடை

இவையனைத்தையும் படித்த பின் நமக்குத் தெளிவான உண்மை ஒன்றுதான். இரு நூற்றாண்டுப் போராட்டத்தால் வாசலுக்கு வெளியே இருந்த கட்டாயம் நீங்கியது. வாசலுக்கு உள்ளே இருக்கும் கட்டாயம் நீங்கவில்லை. நீங்கவும் நீங்காது, படை என்பது அத்தகையது. எனவே முழுச் சுதந்தரமும் கையொப்பமிடும் நாளுக்கு முன்னரே இருக்கிறது. அந்த நாள் எது என்று அறிவது ஃபத்வா தேடுவதைக் காட்டிலும் அவசரம்.

நண்பருக்கு இவ்வாறு எழுதினோம்: உதவித் தொகை பெறும் மாணவனை ஒப்பந்தம் பிணிப்பது இரண்டாம் ஆண்டின் முதல் நாளிலிருந்து, பெறாதவனைப் பிணிப்பது மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து. அதன் பின் பணிக் கடன், ரிசர்வ் காலத்தையும் சேர்த்து எட்டு ஆண்டு. ஆக முதலாம் ஆண்டு முழுவதும் தம்பியின் கையில் இருக்கிறது. அவன் அப்பயிற்சியில் சேர்ந்து பார்க்கட்டும். விடியலில் எழுவதும், கட்டுப்பாடும், தன்னோடு இருப்போரைக் காக்கும் குணமும் அவனுக்கு நன்மையே தரும். பஜ்ருத் தொழுகைக்கு எழுந்து பழகியவனுக்கு அது சிரமமுமன்று. ஆனால் அந்த ஓராண்டில் அவன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: 'நாளை நான் அநீதி என்று எண்ணும் போருக்கு என்னை அனுப்பினால் என் நிலை என்ன?' இதற்குத் தன் ரப்பின் முன் சொல்லத்தக்க விடை அவனிடம் இருந்தால், அவன் தேர்வை நாம் தடுக்கோம். விடை இல்லையானால் கையொப்பம் வேண்டாம். கட்டணம் பெரிதுதான்; கல்லூரியை மாற்றியேனும், வேலை செய்தேனும் அதனைச் சமாளிக்கலாம். பணத்துக்காக இடும் கையொப்பம் மட்டும் கூடாது. நிய்யத்தை விலைக்கு விற்றவன் வாளை நேராகப் பிடிக்க மாட்டான்.

உம்மாவிடமும் இதனைப் படித்துக் காட்டும்படி சொல்லியிருந்தோம். பையன் முதலாம் ஆண்டு வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும், அதிகாலையில் ஓடுவதாகவும், ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துத் தம்மிடம் விளக்கம் கேட்பதாகவும் நண்பர் பதில் எழுதியிருக்கிறார். இன்னும் கையொப்பம் இடவில்லை. படித்துவிட்டே எதனையும் செய்யும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. அஸதுப்னுல் ஃபுராத் அவர்களைப் போன்றோர் நமக்கு விட்டுச் சென்ற பழக்கம் அது. அவன் எம்முடிவுக்கு வந்தாலும் அது கண் திறந்து எடுத்த முடிவாக இருக்கும் என்று நம்புகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத்தையும், அவர்கள் எடுக்கும் முடிவுகளில் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.